ஜரிகையில் வெள்ளி, படச்சுருளில் வெள்ளி

ஒரு பட்டுச்சேலையையும் ஒரு புகைப்படச் சுருளையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை ஏறத்தாழ ஒன்றுதான்: புரதமும் வெள்ளியும்.

பட்டு நூல் ஃபைப்ராயின் என்ற புரதம். சுத்த ஜரிகை என்பது, சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசியது. படச்சுருளில் இருக்கும் புரதத்தின் பெயர் ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. அந்த ஜெலட்டினுக்குள் வெள்ளி, புரோமினோடும் கொஞ்சம் அயோடினோடும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படிகங்களாக உறைந்து கிடக்கிறது. இரண்டு புரதங்களிலும் மிக அதிகமாக இருக்கும் அமினோ அமிலமும் ஒன்றே, கிளைசின். தமிழ் இந்த உறவை வேறொரு வழியில் முன்பே அறிந்திருந்தது. படம் என்ற சொல்லுக்குத் துணி என்றும் பொருள் உண்டு. சீலையில் தீட்டியதால்தான் ஓவியமும் படமாயிற்று. நெய்த சேலையைச் சுருட்டிக்கொண்டே போகும் உருளைக்குத் தறியில் பெயர் படமரம்.

இதையெல்லாம் நான் யோசித்தது ஆரணிப் பட்டு வட்டாரத்தைச் சேர்ந்த தேசூரில், ஒரு தறிவீட்டுக்குள் நின்றுகொண்டு. கையில் பழைய இரட்டை லென்ஸ் யாஷிகா. உள்ளே 120 ரோல், மொத்தம் 12 படம். குழித்தறியில் உட்கார்ந்திருந்த பெரியவர் நாடாவை ஓட்டுவதை நிறுத்திவிட்டுக் கேமராவையே திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, பின்னாடி படமே தெரியலையே?”

“பிலிம் கேமரா ஐயா. கழுவினாத்தான் தெரியும்.”

“எத்தினி நாள் ஆவும்?”

“பத்து நாள் ஆகும்.”

“அப்ப நம்ம சேலை மாதிரின்னு சொல்லு. இரு, சட்டை போட்டுக்கினு வரேன்.”

அவர் சட்டை மாற்றி, தலை வாரி, தறியில் மறுபடி உட்கார்ந்தபோது முகம் மாறியிருந்தது. கைப்பேசியை நீட்டினால் வரும் முகம் அல்ல அது. அந்த மாற்றத்துக்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதலில், சுருளுக்குள் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் பிலிமில் படம் எடுப்பதன் ஈர்ப்பைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று சொல்லி முடித்துவிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. 2012 இல் நிறுத்தப்பட்ட எக்டாக்ரோம் சுருள் 2018 இல் திரும்ப வந்தது. 2023 இல் வெளியான ‘ஓப்பன்ஹைமர்’ படத்துக்காக, அதுவரை இல்லாத 65 மி.மீ. கருப்பு-வெள்ளைச் சுருளைக் கோடாக் புதிதாகச் செய்து கொடுத்தது. 2024 இல் பென்டாக்ஸ் நிறுவனம் புத்தம்புதிய பிலிம் கேமரா ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவற்றை வாங்குபவர்களில் பலர், பிலிம் காலத்தைப் பார்த்தேயிராத இளைஞர்கள். இல்லாத நினைவுக்கு எப்படி ஏங்க முடியும்? ஈர்ப்பின் வேர் பொருளிலேயே இருக்கிறது, அந்த வெள்ளிப் படிகங்கள் ஒளியை வாங்கிக்கொள்ளும் விதத்தில்.

மழை வரப்போகும் ஒரு நாளில், தெருவில் பாத்திரங்களைப் பரப்பி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அண்டா, குடம், சொம்பு, டம்ளர் எல்லாம் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கின்றன. ஒரு பாத்திரத்தில் நான்கு துளி விழுந்துவிட்டால் அது நனைந்த பாத்திரம். அதற்கு மேல் எத்தனை துளி விழுந்தாலும் கணக்கு மாறாது. தூறல் தொடங்கியதும் முதலில் நனைவது அண்டாக்கள்தான், வாய் அகலம் என்பதால். பிறகு குடங்கள். டம்ளர்கள் நனைய நல்ல மழை பெய்ய வேண்டும்.

படச்சுருளின் மேற்பரப்பு இந்தத் தெரு. பாத்திரங்கள் சில்வர் ஹேலைடு படிகங்கள், துளிகள் ஒளித்துகள்கள். ஓர் ஒளித்துகள் படிகத்தில் பட்டதும் புரோமைடு அயனியிலிருந்து ஓர் எலக்ட்ரான் கழன்று உள்ளே அலைகிறது. படிகத்தில் ஏதோ ஒரு குறை உள்ள இடத்தில் அது சிக்கிக்கொள்கிறது. அங்கே நகர்ந்து வரும் வெள்ளி அயனி அந்த எலக்ட்ரானைப் பிடித்து வெள்ளி அணுவாகிறது. இப்படி ஏறத்தாழ நான்கு அணுக்கள் ஓரிடத்தில் கூடிவிட்டால் அந்தப் படிகம் ஒளியைப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்னியும் மோட்டும் 1938 இல் இந்த விளக்கத்தைக் கொடுத்தார்கள். அவர்களில் மோட் என்பவருக்கு 1977 இல், வேறு ஆய்வுகளுக்காக, இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

நான்கு அணு என்பது ஒன்றுமேயில்லை. எந்த நுண்ணோக்கியிலும் படமாகத் தெரியாது. அதனால்தான் அதை மறைபடிமம் என்கிறோம். டெவலப்பர் கரைசலில் இட்டதும்தான் வித்தை நடக்கிறது. நான்கு அணு கூடிய படிகத்தை மட்டும் கரைசல் தேடிப் பிடித்து, அதிலுள்ள நூறு கோடி அளவிலான வெள்ளி அயனிகள் அத்தனையையும் கருவெள்ளியாக மாற்றிவிடும். பக்கத்திலேயே கிடக்கும், ஒளி படாத படிகத்தைத் தொடாது. பிறகு ஹைப்போ என்ற கரைசல் வந்து ஒளி படாதவற்றைக் கரைத்து எடுத்துவிடும். ஹைப்போவுக்கு இந்தக் குணம் உண்டு என்று ஜான் ஹெர்ஷல் 1819 இலேயே கண்டறிந்திருந்தார். 20 ஆண்டுகள் கழித்து, 1839 இல் புகைப்படக்கலை பிறந்தபோது அது கைகொடுத்தது. நம் ஊர் டார்க் ரூம்களில் கடைசிவரை ஹைப்போ என்ற சொல் அப்படியே வாழ்ந்தது.

எலக்ட்ரான் சிக்கிக்கொள்ளும் அந்தக் குறை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஓர் அருமையான கதை உண்டு. 1920களில் கோடாக் நிறுவனத்துக்கு ஒரு சிக்கல். ஒரு தொகுதி ஜெலட்டினில் செய்த பிலிம் ஒளியை நன்றாக உணர்ந்தது, இன்னொரு தொகுதியில் செய்தது மந்தமாக இருந்தது. சாமுவேல் ஷெப்பர்ட் என்ற வேதியியலாளர் துப்புத் துலக்கிக்கொண்டே போய்க் கடுகில் முடித்தார். கடுகுச் செடி வகைகளை மேய்ந்த மாடுகளின் ஜெலட்டினில், கடுகின் காரத்துக்குக் காரணமான கந்தகச் சேர்மம் மிகச் சிறிய அளவில் தங்கியிருந்தது. அது படிகத்தின் மேல் வெள்ளி சல்பைடு புள்ளிகளை உண்டாக்கியது. எலக்ட்ரான்கள் சிக்கியது அந்தப் புள்ளிகளில்தான். மாடு மேய்ந்த கடுகு, உலகத்தின் முகங்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது.

இப்போது அண்டாவுக்கும் டம்ளருக்கும் திரும்புவோம். மழை கூடக்கூட, நனையாமல் மிச்சமிருக்கும் பாத்திரங்கள் குறைந்துகொண்டே போகும். ஆகவே ஒளி மிக அதிகமாகும் இடத்தில் பிலிம் சட்டென்று முட்டி நிற்பதில்லை. மெல்ல மெல்லச் சமனாகிறது. 1890 இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் இதை அளந்து வளைகோடாக வரைந்தார்கள். அந்தக் கோட்டின் உச்சியில் வரும் வளைவுக்குத் தோள் என்று பெயர். டிஜிட்டல் சென்சாரில் பாத்திரங்கள் எல்லாம் ஒரே அளவு வாளிகள், வரிசையாக அடுக்கியவை. துளிகளை நேர்மையாக எண்ணும். நிரம்பிவிட்டால் வழியும், வழிந்தது போனதுதான். தறிவீட்டின் சன்னல் வழியே வந்த வெயில் பெரியவரின் நெற்றி வியர்வையில் பட்டு மின்னியது. நெகட்டிவில் அந்த மினுக்கம் கன்னத்து நிழலோடு வெட்டில்லாமல் இணைந்தே இருக்கிறது. நெகட்டிவ் பிலிமில் இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி விழுந்தாலும் முகம் தப்பிவிடும். சிற்றூர் ஸ்டூடியோக்காரர்கள் மீட்டர் இல்லாமலே அரை நூற்றாண்டு கல்யாணப் படங்களை எடுத்தது இந்தத் தோளின் மேல் சாய்ந்துதான்.

முகத்தை விட்டு நிலத்துக்கு வருவோம். தேசூரை ஒட்டி இருக்கிறது சீயமங்கலம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் அங்கே. அவனிபாஜனன் என்பது அவன் பட்டப்பெயர்களில் ஒன்று. கல்லில் கிடைத்துள்ள மிகப் பழைய ஆடல்வல்லான் உருவங்களில் ஒன்று அந்தக் குடைவரைத் தூணில் இருக்கிறது. குன்றின் பாறையில் பார்சுவநாதரும் பாகுபலியும் சமணர் கையால் புடைப்புச் சிற்பங்களாக நிற்கிறார்கள். நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பக்கம் இல்லை என்பது என் கருத்து. உருண்டு நிற்கும் கருங்கற்கள், நடுவே நெல்வயல்.

விடியலுக்கு முன் அங்கே முக்காலியை நிறுத்தினால் படிகங்களின் இன்னொரு குணம் தெரியவரும். மீட்டர் 10 விநாடி என்று காட்டுகிறது. அதை நம்பி 10 விநாடி மட்டும் ஷட்டரைத் திறந்தால் படம் மங்கிப்போகும். பல கருப்பு-வெள்ளைச் சுருள்களுக்கு 20 விநாடிக்கும் மேல் கொடுக்க வேண்டும். மறுபடி பாத்திரங்களை நினையுங்கள். இந்த முறை மழை இல்லை, எப்போதாவது ஒரு துளி விழுகிறது. இரண்டாம் துளி வருவதற்குள் முதல் துளி காய்ந்துவிடுகிறது. படிகத்தில் ஒற்றை வெள்ளி அணு நிலையற்றது. துணை சீக்கிரம் வராவிட்டால் அது மீண்டும் அயனியாகச் சிதைந்துவிடும். ஒளி குறையக்குறையப் பிலிமின் உணர்வும் குறைவதை, 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நட்சத்திரங்களைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கார்ல் ஷ்வார்ட்ஸ்சைல்டு அளந்து சொன்னார். பின்னாளில் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தீர்த்துக் கருந்துளைக்கு வழிகாட்டியவர் இவரேதான். இந்த இழப்பு வெளிச்சமான பகுதியைவிட நிழலில் அதிகம். ஆகவே விடியற்காலையில் எடுத்த பாறை, கண்ணால் பார்த்ததைவிட ஆழமான கருமையோடு நெகட்டிவில் இறங்குகிறது. பொறியாளருக்கு இது குறை. அந்தக் கருமைக்காகவே அதிகாலையில் எழுந்து போகிறவர்களை எனக்குத் தெரியும்.

வானத்தின் கதை வேறு. வெள்ளி புரோமைடு தன்னளவில் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணரும். பச்சையும் சிவப்பும் அதற்கு இருட்டு. 1858 இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரையையும் தஞ்சையையும் எடுத்த லின்னேயஸ் டிரைப், மெழுகு தோய்த்த காகித நெகட்டிவ்களில் வேலை செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை 21 நெகட்டிவ்களில் எடுத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒட்டிக் காட்டியவர். அவருக்கும் வானம் வசப்படவில்லை. நீலம் அத்தனையும் வெள்ளையாக வெளுத்துவிடும் என்பதால், நெகட்டிவின் மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார்.

வானம் வெளுத்தது போலவே முகம் கறுத்தது. நம் தோலின் நிறத்தில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் குறைவு. நீலம் மட்டும் தெரிந்த பழைய தகட்டில் மாநிற முகம் கறுப்பாகவும், கருநிற முகம் உருவமே புலப்படாமலும் விழுந்தது. ஸ்டூடியோவில் முகத்துக்கு அப்பிய பவுடருக்கும், நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் மணிக்கணக்கில் செய்த டச்சிங் வேலைக்கும் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை. 1873 இல் பெர்லினில் ஹெர்மன் வோகல் ஒரு வழி கண்டார். துணிக்குச் சாயமேற்றப் பயன்பட்ட அனிலின் சாயங்களைத் தகட்டில் சேர்த்தால், சாயம் உறிஞ்சும் நிறத்தையும் வெள்ளி உணரத் தொடங்குகிறது. சாயக்காரரின் தொட்டியிலிருந்து வந்த பொருள் படச்சுருளுக்குப் பச்சையைக் காட்டியது, பிறகு சிவப்பையும். எல்லா நிறமும் உணரும் பான்குரோமாட்டிக் தகடுகள் 1906 இல் விற்பனைக்கு வந்தன.

இது தெரிந்தால் வீட்டில் இருக்கும் மிகப் பழைய படங்களை வேறு மாதிரி படிக்கலாம். கொள்ளுப்பாட்டி கறுப்புச் சேலை கட்டி மணமேடையில் உட்கார்ந்திருப்பதாகத் தோன்றும். கல்யாணத்துக்கு யார் கறுப்பு கட்டுவார்கள்? அது அரக்காக இருந்திருக்கும். சிவப்பு தெரியாத தகட்டில் அரக்கு கறுப்பாகத்தான் விழும். பளபளப்பு விழாத கோணத்தில் தங்க ஜரிகையும் மங்கி இருண்டுபோகும், வெளிர் நீலச் சேலையோ வெள்ளைபோலத் தெரியும். நம் தாத்தா பாட்டிகளின் நிறத்தைப் பற்றிய குடும்பக் கதைகளில் பாதி, தகட்டின் குருட்டுத்தன்மையால் வந்தவை என்றே நினைக்கிறேன்.

பட்டு நெசவைப் படம் பிடிப்பதில் பிலிமுக்கு உள்ள ஒரு தனித் தகுதியை நான் தேசூரில்தான் கண்ணால் கண்டேன். அதே சேலையை டிஜிட்டல் கேமராவிலும் எடுத்திருந்தேன். திரையில், சேலையின் உடலில் இல்லாத அலைகள் ஓடின, பச்சையும் இளஞ்சிவப்புமாக, தண்ணீரில் எண்ணெய் பரவியது போல. சேலை என்பது பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கட்டம். டிஜிட்டல் சென்சாரும் ஒரு கட்டம்தான். அதன் மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் ஒரே ஒழுங்கில் பதிக்கப்பட்டிருக்கின்றன. கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976 இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. ஏறத்தாழ ஒரே நெருக்கமுள்ள இரண்டு கட்டங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் மூன்றாவதாக ஒரு பொய்க்கோலம் பிறக்கும். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்று போட்டு நகர்த்திப் பாருங்கள், தெரியும். இதற்கு அறிவியலில் மொய்ரே என்று பெயர். அந்தப் பெயரே, நீரலை போன்ற பளபளப்புக்காக அழுத்திச் செய்யும் ஒருவகைப் பட்டுத்துணிக்குப் பிரெஞ்சில் வழங்கும் சொல்லிலிருந்து வந்தது.

பிலிமில் கட்டம் கிடையாது. அண்டாவும் டம்ளரும் இறைந்து கிடப்பது போலப் படிகங்கள் இறைந்து கிடக்கின்றன. ஒழுங்கற்றதன் மேல் ஒழுங்கான நெசவு விழுந்தால் பொய்க்கோலம் பிறக்க வழியில்லை. நெகட்டிவை ஸ்கேன் செய்யும்போது கட்டம் மறுபடி குறுக்கே வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்லார்ஜரில் நேரடியாகப் போட்ட பிரிண்டில் அது இல்லை. பிலிம் படத்தில் தெரியும் மணல் போன்ற கிரெய்னை உயிருள்ளது என்று சிலர் சொல்வார்கள். உயிர் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் இரண்டு பிரேம்களில் ஒரே கிரெய்ன் அமைப்பு ஒருபோதும் வராது.

அளவுகோலை வைத்துப் பார்த்தால் இன்றைய சென்சார் பல வகையில் மேல். மங்கிய ஒளியில் அது பார்ப்பதைப் பிலிம் பார்க்காது. நிழல்களில் அது காட்டும் விவரமும் அதிகம். செய்தி எடுப்பவரும், காட்டுயிர் எடுப்பவரும், ஆய்வுக்கூடத்தில் அளப்பவரும் பிலிமுக்குத் திரும்ப ஒரு நியாயமும் இல்லை. நிலக்காட்சிக்கும் முகத்துக்கும் கதை வேறு. இரண்டுமே காத்திருக்கும் பொருள்கள். மலை எங்கும் போய்விடாது. தறியில் உட்கார்ந்த மனிதரும் கேட்டால் இருப்பார்.

எடுத்துவிட்டால் ஆயிற்றா? கழுவ வேண்டும். அங்கேதான் நம் ஊர் வெயில் குறுக்கே நிற்கும். டெவலப்பருக்கு விதித்த வெப்பநிலை 20 டிகிரி. சித்திரையில் நம் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஜெலட்டின் உப்பி, இளகி, ஓரத்தில் கழன்று வரும். ஸ்டூடியோக்காரர்கள் பின்னிரவில் கழுவினார்கள், பனிக்கட்டி வாங்கித் தட்டைச் சுற்றி வைத்தார்கள். கூடவே படிகாரம் சேர்த்தார்கள். படிகாரத்திலுள்ள அலுமினியம் அயனிகள் ஜெலட்டினின் புரதச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். சாயப்பட்டறையில் நூலோடு சாயத்தைப் பிணைக்கவும் இதே படிகாரம்தான்.

படச்சுருளை இந்த மண்ணிலேயே செய்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் நாடு விரும்பியது. அதற்குத் தேர்ந்த இடம் உதகமண்டலம், தூசி குறைந்த குளிர்ந்த காற்றுக்காக. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960 இல் தொடங்கப்பட்டது. பிரான்சின் பௌஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967 இல் உற்பத்தி ஆரம்பித்தது. பெயர் ‘இந்து’. கருப்பு-வெள்ளைச் சினிமாச் சுருள், எக்ஸ்ரே பிலிம், புரோமைடு காகிதம் எல்லாம் அங்கிருந்து வந்தன. தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு இந்து நகர் என்றே பெயர். பூச்சு வேலை நடக்கும் கூடங்களில் விளக்கு எரியக்கூடாது, எரிந்தால் செய்த பொருள் அத்தனையும் பாழ். ஒளியைப் பிடிக்கும் பொருளைச் செய்தவர்கள் தம் பணிக்காலத்தைக் கும்மிருட்டில் கழித்தார்கள். இறக்குமதிப் போட்டியும் டிஜிட்டலும் சேர்ந்து அழுத்த, 2010களில் அது மூடப்பட்டது. சில வகைச் சுருள்களுக்காவது தேவை திரும்பி வந்த காலமும் அதுவே. அந்தத் தொழிலறிவை ஒரு சிறு அலகாகவாவது காப்பாற்றியிருக்கலாம் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் இல்ஃபோர்டு நிறுவனத்தின் கருப்பு-வெள்ளைச் சுருள்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பெரியவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்த விஷயத்துக்கு வருகிறேன். 12 படம்தான் என்றால் எடுப்பவருக்குக் கை கூசும். அழிக்க முடியாது என்றால் எடுக்கப்படுபவரும் நிமிர்ந்து உட்காருவார். இரட்டை லென்ஸ் கேமராவில் இன்னொன்றும் உண்டு. வயிற்றுக்கு நேரே பிடித்து, மேலிருந்து குனிந்து கண்ணாடியில் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்குத் தெரிவது தலை குனிந்த ஒரு மனிதர், கண்ணை மறைத்துக்கொண்டு குறிபார்ப்பவர் அல்ல. அந்த நேரத்தில் அவர் முகம் தளரும். எடுத்ததும் இருவரும் சேர்ந்து திரையை எட்டிப் பார்ப்பதில்லை என்பதால், பேச்சு அறுபடாமல் தொடரும். கடைசியாக வெளிவந்த கோடாக்ரோம் சுருளை 2010 இல் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி எடுத்து முடித்தார். 36 பிரேம்களில் சிலவற்றை நம் நாட்டில் ராஜஸ்தானத்து ராபரி மக்களுக்காகவும் மும்பை நடிகர்களுக்காகவும் செலவழித்தார். உலகம் முழுக்கச் சுற்றியவரை ஒவ்வொரு பிரேமுக்கும் யோசிக்க வைத்தது, மிச்சம் எத்தனை என்ற எண்.

அந்தப் பெரியவருக்கு நான் எடுத்தது மூன்று படம். பத்து நாள் என்று சொன்னது மூன்று வாரமாயிற்று. பிரிண்டைக் கையில் வாங்கியதும் அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தறியில் தெரிந்த சேலைக் கரையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“இழை இழையா தெரியுது பா.”

வெள்ளியால் ஆன படத்துக்கு ஆயுள் அதிகம். 1960களின் கருப்பு-வெள்ளைக் கல்யாணப் படம் இன்றும் துலக்கமாக இருக்கும். 1980களின் கலர் படம் செக்கச்செவேலென்று ஆகியிருக்கும். காரணம், கலர் படத்தில் இறுதியில் வெள்ளி இல்லை, சாயம்தான் மிஞ்சுகிறது. அதில் நீலப்பச்சைச் சாயம் முதலில் சிதைகிறது. ஆனால் வெள்ளிக்கு ஒரு விலை இருப்பதே அதற்கு ஆபத்து. பழைய பட்டுச்சேலை வாங்குகிறோம் என்று தெருவில் குரல் கொடுத்து வருபவர்கள் அந்தச் சேலையை எரித்து ஜரிகை வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். எக்ஸ்ரே பிலிமும் தீர்ந்த ஹைப்போவும்கூட வெள்ளிக்காகவே விலைபோகின்றன. கண்ணாடி நெகட்டிவ்களைக் கழுவிச் சன்னலுக்கும் சட்டத்துக்கும் போட்டுவிட்டவர்களும் உண்டு. மிச்சமிருந்த ஸ்டூடியோ படங்களைத் தேடி, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்காகப் பிரிட்டிஷ் நூலகம் நடத்தும் திட்டத்தின் துணையோடு மின்னாக்கம் செய்தது. போற்ற வேண்டிய பணி. ஆனாலும் எல்லா வீட்டு அலமாரியையும் ஒரு நிறுவனம் திறக்க முடியாது.

உங்கள் வீட்டில் நெகட்டிவ் உறை இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். திறந்ததும் காடி வாடை அடித்தால் அசிட்டேட் சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். சிதையும்போது வெளிவரும் அசிட்டிக் அமிலம் பக்கத்திலுள்ள சுருள்களின் சிதைவையும் விரைவுபடுத்தும். ஆகவே அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். மற்றவற்றைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, காகித உறையில் போட்டு, பரணிலிருந்து இறக்கி வீட்டின் குளிர்ந்த, ஈரமில்லாத மூலையில் வையுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். ஜெலட்டின் அதற்கு நல்ல உணவு. பிறகு, வீட்டில் மூத்தவர் யாராவது இருக்கும்போதே ஒவ்வொரு நெகட்டிவையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதைப் பென்சிலால், உறையின் மேல், நெகட்டிவை உள்ளே வைப்பதற்கு முன் எழுதுங்கள்.